தவளையும் தேரையும்: 64 பக்கப் புத்தகம் அரைமணி நேரத் தொடரானபோது

அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான ஆர்னால்ட் லோபல் 1970இல் ‘ஃபிராக் அண்ட் டோட் ஆர் ஃபிரெண்ட்ஸ்’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஒரு தவளை, ஒரு தேரை, இரண்டும் நண்பர்கள், அவ்வளவுதான் விஷயம். 53 வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 28 அன்று, அது ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் கார்ட்டூன் தொடராக வந்தது. புத்தகத்தைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்ப்பவர்களுக்குச் சில சந்தேகங்கள் கட்டாயம் வரும். புத்தகத்தில் இல்லாத கதையெல்லாம் எங்கிருந்து வந்தது? இத்தனை அக்கம்பக்கத்து விலங்குகள் ஏன்? புத்தகத்தைப் படிக்கும்போது வந்த அமைதி திரையில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? அப்புறம், இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுகிற இன்னொரு கேள்வி, இவர்கள் வெறும் நண்பர்கள்தானா என்பது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தவளை வேறு, தேரை வேறா?

பேச்சில் நாம் எல்லாவற்றையும் தவளை என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் தமிழில் தேரைக்கு எப்போதும் தனிப் பெயர் உண்டு. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் உணவு கிடைக்கும் என்பார்கள், உள்ளே பருப்பு வைக்காத தேங்காயைத் தேரை விழுந்த தேங்காய் என்பார்கள். அறிவியல்படி தேரைகள் தவளை இனத்துக்குள்ளேயே அடங்கும் ஒரு குடும்பம். பொதுவாகத் தவளைக்கு வழவழப்பான ஈரத்தோலும் நீண்ட பின்னங்கால்களும் இருக்கும், தேரைக்குச் சொரசொரப்பான உலர்ந்த தோலும் குட்டைக் கால்களும். ஒன்று தாவும், மற்றது தத்தித் தத்திப் போகும்.

லோபலின் கதை முழுக்க இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. தவளை உயரம், சுறுசுறுப்பு, எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும். தேரை குட்டை, கவலைக்காரன், சட்டென்று கோபம் வரும், தூக்கப் பிரியன். அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட் மாநிலத்தில் கோடை விடுமுறைக்குப் போனபோது அவருடைய பிள்ளைகள் தவளையும் தேரையும் பிடித்து விளையாடியதைப் பார்த்துத்தான் இந்த ஜோடி அவருக்குத் தோன்றியது.

அந்தப் பக்கத்துக் குளிரில் இந்த உயிரினங்கள் மாதக்கணக்கில் உறங்கிவிடும். முதல் கதையில் தேரை நவம்பரிலிருந்து தூங்கிக்கொண்டிருப்பது அதனால்தான். நம் ஊரில் பனி இல்லை, இங்கே உலர்ந்த கோடைதான் அந்த வேலையைச் செய்கிறது. ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும்தன் வாயாற் கெடும்’ என்று பழமொழி நானூறு சொல்கிறதே, நுணல் என்றால் தவளை, அது மண்ணுக்குள் பதுங்கிக் கிடந்துவிட்டு மழை வந்ததும் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுப்பது. அதை நினைத்துக்கொண்டால் தேரை ஏன் போர்வைக்குள்ளிருந்து வெளியே வர மறுக்கிறது என்று நம் குழந்தைக்குச் சொல்லிவிடலாம்.

இது எந்த வகைப் புத்தகம்

இதைப் படப்புத்தகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், தப்பில்லை, பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கிறது. ஆனால் படப்புத்தகம் பெரியவர் வாசிக்க, குழந்தை படம் பார்த்துக் கேட்பதற்கானது. தவளை–தேரைப் புத்தகம் குழந்தை தானே எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கானது. அதனால் சொற்கள் எளியவை, வாக்கியங்கள் குட்டையானவை, ஒரு பக்கத்தில் சில வரிகள்தான். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைப் படிப்படியாகப் பிரித்ததே, கிட்டத்தட்ட அதே யோசனை.

அமெரிக்காவில் இந்த வகை எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1954இல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் லைஃப் இதழில் ஒரு கட்டுரை எழுதினார், பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் உயிரில்லாமல் இருப்பதால்தான் குழந்தைகள் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று. அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 1957இல் டாக்டர் சூஸ் வெறும் 236 சொற்களை மட்டுமே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தி ‘தி கேட் இன் தி ஹேட்’ எழுதினார். அதே 1957இல் ஹார்ப்பர் பதிப்பகம் ‘ஐ கேன் ரீட்’ என்ற வரிசையைத் தொடங்கியது. லோபலின் புத்தகங்கள் அந்த வரிசையில் வந்தவை.

மொத்தம் நான்கு புத்தகங்கள்: 1970, 1972, 1976, 1979. ஒவ்வொன்றும் 64 பக்கம், ஒவ்வொன்றிலும் ஐந்து கதை, ஆக 20 கதை. இந்த 20 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தொடரைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும். முதல் புத்தகத்துக்குப் படங்களுக்கான கால்டிகாட் விருதுப் பட்டியலில் கௌரவம் கிடைத்தது. இரண்டாவதுக்கு எழுத்துக்கான நியூபெரி பட்டியலில் கௌரவம். இவ்வளவு குறைந்த சொற்களில் எழுதிய புத்தகம் எழுத்துக்காக அங்கே இடம்பிடிப்பது அரிது.

இந்தக் கதைகளில் நட்பு எப்படி வேலை செய்கிறது

விலங்கு நட்புக் கதை என்றதும் நமக்கு ஒரு வார்ப்பு நினைவுக்கு வரும். ஒருவர் ஆபத்தில் மாட்டுவார், இன்னொருவர் காப்பாற்றுவார், கடைசி வரியில் நீதி. லோபலிடம் அது கிடையாது. நாலைந்து கதைகளை எடுத்துப் பார்த்தாலே புரியும்.

1. வசந்தம் வந்துவிட்டது என்று தவளை எழுப்பப் போகிறது. தேரை எழ மறுக்கிறது, மே பிறந்து அரைமணி ஆனதும் எழுப்பு என்கிறது (மாதத்தையும் கடிகாரத்தையும் போட்டுக் குழப்பும் அந்த வரியைத் தமிழில் கொண்டுவருவது சிரமம், குழந்தைகள் அதற்குத்தான் முதலில் சிரிப்பார்கள்). அதுவரை தவளை தனியாக இருக்க வேண்டுமே. அது காலண்டரைப் பார்க்கிறது, நவம்பர் தாள் மேலே இருக்கிறது. ஒவ்வொரு தாளாகக் கிழித்துக்கொண்டே வந்து ஏப்ரலில் நிற்கிறது. பிறகு ஏப்ரலையும் கிழித்துவிடுகிறது. மே வந்துவிட்டது என்று நம்பித் தேரை எழுந்துவிடுகிறது. நண்பனை ஏமாற்றுகிற நண்பன்! ஆனால் ஏன் ஏமாற்றியது என்று நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும். தனிமை தாங்கவில்லை. அந்தக் காரணத்தைப் புத்தகம் விளக்குவதே இல்லை.

2. தேரையின் கோட்டுப் பொத்தான் தொலைந்துபோகிறது. போன இடமெல்லாம் தேடுகிறார்கள். கறுப்புப் பொத்தான் கிடைக்கிறது, இரண்டு துளைப் பொத்தான் கிடைக்கிறது, சின்னது, சதுரமானது, மெல்லியது என்று வரிசையாகக் கிடைக்கிறது, எதுவும் தன்னுடையதில்லை. உலகம் முழுக்கப் பொத்தான், அதில் ஒன்றுகூட என்னுடையதில்லை என்று தேரை குதித்துக் கத்திவிட்டு வீட்டுக்கு ஓடுகிறது. பொத்தான் வீட்டுத் தரையிலேயே கிடக்கிறது. தவளையை எவ்வளவு அலைய வைத்துவிட்டோம் என்று அதற்கு உறைக்கிறது. மன்னிப்புக் கேட்கும் வசனம் எதுவும் இல்லை. கிடைத்த எல்லாப் பொத்தான்களையும் தன் கோட்டில் தைத்து, அந்தக் கோட்டைத் தவளைக்குக் கொடுத்துவிடுகிறது.

3. நீச்சல் உடையில் தான் வேடிக்கையாக இருப்பதாகத் தேரைக்குக் கூச்சம். யாரும் பார்க்கக் கூடாது என்று தண்ணீரை விட்டு வெளியே வராமல் கிடக்கிறது. ஆமை, பல்லிகள், பாம்பு, தும்பிகள், வயல் எலி எல்லாம் பார்க்கக் காத்திருக்கின்றன. குளிர் தாங்காமல் வெளியே வந்ததும் எல்லாரும் சிரிக்கிறார்கள். தவளையும் சிரிக்கிறது. தேரை, ஆமாம் அப்படித்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கிறது, கதை முடிகிறது. நண்பனே சிரித்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு 20 கதையிலும் இதுதான் மிகத் துணிச்சலானதாகத் தெரிகிறது. ஆறுதல் சொல்லி முடிக்கலாம் என்ற எளிய வழி கண்முன்னே இருந்தும் லோபல் அந்தப் பக்கம் போகவில்லை.

4. தேரைக்கு யாரும் கடிதமே போட்டதில்லை. தபால் வரும் நேரம் ஆனாலே சோகமாகிவிடும். தவளை வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கடிதம் எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி வழியில் பார்த்த நத்தையிடம் கொடுக்கிறது. திரும்பி வந்து, காத்திருக்கப் பொறுக்காமல், நான்தான் எழுதினேன் என்று சொல்லி, எழுதியதையும் சொல்லிவிடுகிறது. பிறகு இருவரும் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நத்தை வந்து சேர நான்கு நாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகும் நான்கு நாள் சேர்ந்து காத்திருக்கிறார்கள், அந்த உட்கார்தல்தான் கதை.

இந்த நான்கிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. முக்கியமான உணர்வு எதுவும் சொல்லில் இல்லை, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவிலோ பக்கத்தைத் திருப்பும் நேரத்திலோதான் இருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தை மெதுவாக வாசிக்கும், அதனால் அந்த இடைவெளியில் அது கொஞ்ச நேரம் தங்கியும் இருக்கும். சொற்களைக் குறைக்க வேண்டும் என்பது இந்த வகைப் புத்தகத்தின் கட்டாயம். அந்தக் கட்டாயத்தையே லோபல் தன் பலமாக்கிக்கொண்டார்.

திரைக்கு வந்த வழி

2023 தொடர் முதல் முயற்சி இல்லை. 1985இலும் 1987இலும் ஜான் மேத்யூஸ் என்பவர் முதல் இரண்டு புத்தகங்களையும் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடிக்கும் முறையில் குறும்படங்களாக எடுத்தார். லோபல் 1987 டிசம்பரில் இறந்துவிட்டார்.

அவருடைய மகள் ஏட்ரியன் லோபல் நாடக அரங்க வடிவமைப்பாளர். அவருடைய முயற்சியில் கதைகள் ‘எ இயர் வித் ஃபிராக் அண்ட் டோட்’ என்ற இசை நாடகமாகி, 2003இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வே வரை போய், நாடகங்களுக்கான டோனி விருதுக்கு மூன்று பரிந்துரைகள் பெற்றது. கடிதம் சுமக்கும் நத்தைக்கு அங்கே தனிப் பாட்டே உண்டு. புத்தகத்தில் ஒரே வரியில் முடியும் நான்கு நாளை மேடையில் அப்படியே காட்ட முடியாது அல்லவா, அதனால் நத்தையின் பயணத்தை நாடகம் முழுக்க நீட்டினார்கள்.

2023 தொடரைத் தலைமையேற்று நடத்தியவர் ராப் ஹோகி, கார்ட்டூன் செய்தது டிட்மௌஸ் நிறுவனம். தவளைக்கு நாட் ஃபாக்ஸன் குரல், தேரைக்கு கெவின் மைக்கேல் ரிச்சர்ட்ஸன். லோபலின் பிள்ளைகள் ஏட்ரியனும் ஆடமும் தயாரிப்பில் இருந்தார்கள். இரண்டாவது பருவம் 2024 மே 31 அன்று வந்தது.

என்னென்ன மாறியே ஆக வேண்டியிருந்தது

சரி, இப்போது முதல் சந்தேகத்துக்கு வரலாம். தொடர் எடுத்தவர்கள் புத்தகத்தை மதிக்காததால் மாற்றம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. நிறைய மாற்றங்கள் வடிவத்தினாலேயே வந்தவை.

1. கணக்கு இடிக்கிறது. பெரும்பாலான கதைகளைச் சத்தமாக, நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. இருப்பதே 20 கதை. முதல் பருவத்துக்கு மட்டும் எட்டு அரைமணி நேரப் பகுதிகள். நான்கு புத்தகத்தையும் ஒரு வரி விடாமல் படமாக்கினாலும் அதில் பாதிக்குத்தான் காணும். ஆகவே புதுக் கதைகள் எழுதத்தான் வேண்டும்.

2. ஆட்கள் போதாது. புத்தகத்தில் நத்தை, ஆமை, எலி எல்லாம் ஒரு பக்கம் வந்துவிட்டுப் போய்விடும். அரைமணி நேரம் இரண்டே பேர் பேசிக்கொண்டிருந்தால் குழந்தை எழுந்து போய்விடும் என்ற பயம் தொலைக்காட்சிக்கு எப்போதும் உண்டு. அதனால் அந்த ஒரு பக்க விலங்குகளுக்குப் பெயரும் குணமும் வேலையும் கொடுத்து ஓர் ஊரையே உருவாக்கினார்கள். இதில் ஒரு இழப்பும் இருக்கிறது. புத்தகத்தில் தவளைக்குத் தேரையை விட்டால் வேறு யாரும் இல்லை போலத் தோன்றும், காலண்டரைக் கிழிக்கும் கை அதனால்தான் நம்மைத் தொடுகிறது. ஊர் நிறைய ஆள் இருந்தால் அந்த அவசரம் கொஞ்சம் குறைந்துதான் போகும்.

3. மௌனத்தைத் திரையில் வைப்பது கடினம். புத்தகத்தில் வெற்றிடம் சும்மா கிடைக்கும், தாளில் எழுதாமல் விட்டால் போதும். திரையில் மூன்று நொடி யாரும் பேசாவிட்டால் அதற்கும் ஒரு முடிவெடுக்க வேண்டும்: முகம் என்ன செய்யும், காற்று அடிக்குமா, இசை வருமா. புத்தகத்தில் தேரை வெட்கப்பட்டது என்று நாமே ஊகிக்கிறோம். திரையில் குரல் நடுங்கும், கண் தாழும், அந்த ஊகத்தை வேறொருவர் நமக்காகச் செய்து கொடுத்துவிடுகிறார்.

4. வேகத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது. புத்தகத்தில் பொத்தான் தேடும் பக்கத்தில் குழந்தை பத்து நிமிடம் நிற்கலாம், திரும்பவும் பின்னால் போகலாம். தொடர் தன் வேகத்தில் ஓடும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசமாகப் படுகிறது, கூடுதல் கதாபாத்திரங்களைப் பற்றிய குறையைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

5. நிறம். லோபல் காலத்தில் இந்த மாதிரிப் புத்தகங்களை மிகக் குறைந்த நிறங்களில்தான் அச்சிட்டார்கள். பச்சையும் பழுப்பும் கலந்த அந்த மங்கல் உலகம் செலவுக் கணக்கிலிருந்தும் வந்தது. 2023இல் எந்த நிறத்தையும் போட முடியும், இருந்தும் தொடர் பளீர் நிறங்களுக்குத் தாவாமல் அந்தப் பச்சைப் பழுப்பை ஒட்டியே நின்றது. இப்போதைய குழந்தைகள் கார்ட்டூன்கள் நடுவே இது சாதாரண முடிவு இல்லை. தொடர் புத்தகத்துக்கு மிக நெருங்கி வருவது இங்கேதான் என்பேன்.

வெறும் நண்பர்கள்தானா?

இது வம்பளப்பதற்கான கேள்வி இல்லை, பின்னணி தெரிந்தால் மரியாதையாகவே பேசலாம். லோபல் அனிட்டா லோபல் என்ற ஓவியரை மணந்து இரண்டு பிள்ளைகள் பெற்றவர். 1974இல் தான் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்பதைக் குடும்பத்தாரிடம் சொன்னார். 1987இல், 54 வயதில், எய்ட்ஸ் நோயின் விளைவுகளால் இறந்தார். தவளை–தேரைக் கதைகள்தான் அப்பா தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்ளத் தொடங்கிய இடம் என்று நினைப்பதாக ஏட்ரியன் 2016இல் நியூயார்க்கர் இதழிடம் சொன்னார்.

லோபல் தன் பங்குக்கு, தவளையும் தேரையும் தன்னுடைய இரண்டு பக்கங்கள் என்று சொன்னதுண்டு. குழந்தைகளுக்கு என்ன பிடிக்கும் என்று வெளியே நின்று எழுதிக்கொண்டிருந்தவர், தனக்குள்ளிருந்து எழுதலாம் என்று கண்டுகொண்டது இந்தப் புத்தகத்தில்தான்.

புத்தகத்துக்குள் இருக்கும் சொல் நண்பன் என்பதுதான், தொடரும் அதையே வைத்துக்கொண்டது. எழுதியவரின் வாழ்க்கையை அறிந்து வாசிக்கும் பெரியவருக்கு, நான்கு நாள் கடிதத்துக்குக் காத்திருக்கும் அந்தத் திண்ணை இன்னும் ஆழமாகத் தெரியும். அறியாத குழந்தைக்கும் எதுவும் குறையாது. இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத் தேவையில்லை.

தமிழில் இன்னொரு நுட்பம் சேர்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பேரையும் ஆணாகவே குறிப்பிடுகிறார்கள். தமிழில் தவளை சொன்னது, தேரை அழுதது என்று அஃறிணையில்தான் எழுதுவோம். அந்த நொடியிலேயே ஆணா பெண்ணா என்ற தகவல் காணாமல் போய்விடும். மொழிபெயர்ப்பவர் ‘சொன்னான்’ என்று எழுதுவதா ‘சொன்னது’ என்று எழுதுவதா என்று யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

மொழிபெயர்க்க, படமெடுக்க அனுமதி

புத்தகத்தைத் தொடராக்கவோ தமிழில் போடவோ உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இந்த நான்கு புத்தகங்களுக்கும் ஒரே கணக்கு இல்லை. 1978க்கு முன் வெளியானவற்றுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு, ஆகவே முதல் புத்தகம் 2065 முடியும்வரை காப்பில் இருக்கும். 1979இல் வந்த கடைசிப் புத்தகத்துக்கு, எழுதியவர் இறந்து 70 ஆண்டு, அது 2057 முடிவோடு சரி. பின்னால் வந்தது முன்னால் விடுபடும். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு என்பதால் 2047 இறுதிவரை. அதுவரை தமிழில் கொண்டுவர நினைக்கும் பதிப்பகம் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும், படங்களுக்கும் சேர்த்து.

எதை முதலில் காட்டுவது

முடிந்தால் புத்தகம் முதலில், தொடர் அப்புறம். திரையில் ஒரு குரலைக் கேட்டுவிட்டால், அடுத்து வாசிக்கும்போது அந்தக் குரல்தான் காதில் வரும். வாசித்துவிட்டுப் பார்த்தால், தேரை நான் நினைத்த மாதிரி பேசவில்லையே என்று குழந்தையே சொல்லும், அந்தப் பேச்சுக்காகவே இந்த வரிசையைச் சொல்கிறேன்.

நான்காவது புத்தகத்தின் கடைசிக் கதையைக் கண்டிப்பாக முதலில் தாளில்தான் வாசிக்க வேண்டும். தவளை தனியாக இருக்க விரும்புவதாகச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறது. தன்மேல் ஏதோ வருத்தம் என்று தேரை பயந்துபோய், சாண்ட்விச்சும் ஐஸ் டீயும் எடுத்துக்கொண்டு ஆமை முதுகில் ஏறி, தவளை உட்கார்ந்திருக்கும் தீவுக்குப் போகிறது. போகிற வழியில் தண்ணீரில் விழுகிறது, டீ கொட்டிவிடுகிறது, சாண்ட்விச் நனைந்துவிடுகிறது. தவளைக்கு வருத்தம் எதுவும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறதே, அதைக் கொஞ்சம் தனியாக உட்கார்ந்து நினைத்துப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறது. பிறகு இரண்டு பேரும் அந்த நனைந்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு, தனியாக, சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.